மை காயாத நோட்டீஸ்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி முதலாளி அண்ணை கேட்டார். எந்திரத்தில் தாள் சிக்கினால் எப்படி எடுப்பது, சிவப்பு ஏன் சிலநாள் செங்கல் நிறமாக வருகிறது என்றெல்லாம் எழுதுவேன் என்று அவர் நினைத்திருக்கலாம். அதற்கு எந்திரத்தோடு வந்த புத்தகம் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. இருபத்தாறு வருடம் நான் அதைத் திறந்ததில்லை, நீங்களாவது திறந்து பாருங்கள். நான் எழுதப்போவது நான் விட்ட ஒரு பிழையைப் பற்றி. அந்தப் பிழையை நம் கடையில் தவிர இந்தப் பாரிஸ் நகரத்தில் வேறு எந்த அச்சகத்திலும் யாரும் விட்டிருக்கமாட்டார்கள்.

நம் கடைக்கு வருகிற வேலை உங்களுக்கு ஒரு வாரத்திலேயே பழகியிருக்கும். பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்தியவீட்டுக்குப் பதாகை, கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல். இதில் மரண அறிவித்தல்தான் கஷ்டம். இறந்தவர் பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் பாசமிகு சகோதரன், ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பது, கடைசியில் 'தொடர்புகளுக்கு' என்று தொலைபேசி எண்கள். ஒரு மருமகனின் பெயர் விடுபட்டால் போதும், செத்தவரை மறந்துவிட்டு உயிரோடு இருப்பவர்கள் நம்மோடு சண்டைக்கு வருவார்கள். அதனால் யார் பெயரையும் விடக்கூடாது என்பது என் கையிலேயே ஊறிவிட்டது. என்னை விழுத்தியதும் அதுதான்.

ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஓர் ஆப்பிரிக்கப் பெண் கடைக்குள் வந்தார். ஐம்பது வயது இருக்கும். மருத்துவமனையில் துப்புரவு வேலை முடித்து நேரே வந்திருந்தார். மேற்கு ஆப்பிரிக்காவில் முன்பு பிரான்சின் கீழ் இருந்த ஒரு நாடு அவருடையது. பெயரை எழுதமாட்டேன். அவருடைய பெயரையும் எழுதமாட்டேன். நான் அவரை மதாம் என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். நாங்கள் பேசியது பிரெஞ்சில். ஆனால் எனக்கு எல்லாம் யாழ்ப்பாணத் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது.

"என்ரை தம்பி. போன கிழமை சுட்டுப்போட்டினம்" என்று சொல்லிக் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். மோட்டார் சைக்கிளில் ஆட்களை ஏற்றி இறக்கிப் பிழைத்த பையன். அந்த நாட்டு ஜனாதிபதி சாகும்வரை பதவியில் இருப்பதற்காகச் சட்டத்தையே மாற்றியிருந்தார். சனம் தெருவுக்கு வந்தது. கையில் ஆயுதம் இல்லை, சட்டி பானையைத் தட்டிக்கொண்டு வந்தவர்கள். தம்பியும் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறான்.

மதாமுக்கு இரண்டு வேலை வேண்டும். ஒன்று, தம்பியின் படத்தோடு ஒரு நினைவஞ்சலி நோட்டீஸ், சனிக்கிழமை ஊர்வலத்தில் கொடுப்பதற்கு. மற்றது, ஒரு பெரிய பதாகை. அதற்கு இன்னொரு படம் அனுப்பினார். ஓர் உள்ளங்கையில் கண்ணீர்ப்புகைக் குண்டின் வெறுங்கோது. அதன் மேல் பிரெஞ்சு எழுத்துகள். இங்கே மருந்துக் குப்பியிலும் தீயணைக்கும் கருவியிலும் நாம் பார்க்கிற அதே மாதிரி எழுத்து, பயன்படுத்தும் முறை, எச்சரிக்கை, பிரான்சில் தயாரிக்கப்பட்டது.

"சுட்டவன் எங்கட ஆள். சுடச் சொன்னவனும் எங்கட ஆள்தான். அதை நாங்கள் பாத்துக்கொள்ளுவம்" என்றார் மதாம். "ஆனா, அதுக்கு முந்தின மாதம் அந்த ஜனாதிபதி இஞ்சை வந்து சிவப்புக் கம்பளத்தில நடந்து எல்லாரோடையும் கைகுலுக்கிப் போட்டுப் போனவன். முதுகில தட்டி அனுப்பினது ஆர்? அதைத்தான் இஞ்சை நிண்டு கேக்கிறம்."

முதலாளி அண்ணை கல்லாவில் இருந்தபடி, "எங்களுக்கும் அப்பிடித்தான் மதாம். மேலாலை வந்து குண்டு போட்ட பிளேன் எங்கட நாட்டில செய்ததில்லை" என்றார். தலைக்கு மேலே பாலத்தில் மெத்ரோ ரயில் இரைந்து போய் முடிந்ததும் நான் எழுதுவதற்குப் பேனையை எடுத்தேன்.

அந்தப் பெண்ணைப் பார்த்தேன். இரவு முழுக்க நிலம் துடைத்துவிட்டு, தம்பி செத்த துக்கத்தோடு, நித்திரை இல்லாமல் வந்து பதாகையின் அளவைச் சரியாகச் சொல்கிறார். இவருக்கு ஒரு நல்ல நோட்டீஸ் செய்து கொடுக்க வேண்டும், நம் ஆட்களுக்குச் செய்வது போலக் குறைவில்லாமல் செய்ய வேண்டும் என்று எனக்குள் ஓர் ஆவேசம் வந்துவிட்டது. அம்மா பெயர் என்ன என்று கேட்டேன். சொன்னார். சகோதரங்கள்? ஒரு தங்கச்சி. எங்கே இருக்கிறா? அந்த ஊரின் பெயரையும் பெரிய சந்தைக்குப் பின்பக்கம் என்பதையும் சொன்னார். நான் துக்கம் விசாரிக்கிறேன் என்று நினைத்து அவர் சொல்லிக்கொண்டே போனார். நான் எழுதிக்கொண்டே போனேன்.

ஒரு மணி நேரத்தில் நோட்டீஸ் தயார். மேலே பையனின் படம், பூ வைத்த சட்டம், நடுவில் அவர்கள் தெருவில் சொல்லுகிற கோஷம். கீழே, சுத்தமான பிரெஞ்சில், இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் (பாரிஸ்) பாசமிகு தம்பி, இன்னாரின் (ஊர், சந்தைப் பகுதி) பாசமிகு அண்ணன். அதற்கும் கீழே 'தொடர்புகளுக்கு' என்று மதாமின் எண். மதாமிடம் சரிபார்க்கக் கொடுத்தேன். அவர் கண் படத்தைவிட்டுக் கீழே இறங்கவில்லை. கண்ணீர் விழுந்து தாள் நனையப் பார்த்தது. தள்ளிப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். நம் தொழிலில் அந்தக் கையெழுத்து எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கு முதல் நாளே சொல்லியிருப்பார்கள். அது இருந்தால் அச்சில் என்ன பிழை வந்தாலும் பொறுப்பு வாடிக்கையாளருடையது.

வெள்ளி மத்தியானம் அவருடைய தோழர் ஒருவர், உயரமான மெசியூ, வந்து நோட்டீஸ் கட்டை எடுத்துக்கொண்டு போனார். பதாகையைச் சனிக்கிழமை ஊர்வலத்துக்கு முன் நானே கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருந்தேன். ஊர்வலம் இரண்டு மணிக்கு ரெப்புப்ளிக் சதுக்கத்தில்.

சனிக்கிழமை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கடை வாசலில் கால்வைக்க இடமில்லை. பதினொரு மணி இருக்கும், பதாகைப் படத்தைத் திறந்தேன். மதாம் அனுப்பிய செய்தியைத் திரும்பப் படித்தேன். 'கோது மட்டும் தெரியட்டும், விரல்களை வெட்டிவிடுங்கள். அது தங்கச்சியின் கை. வீடியோ, படம் எல்லாம் அவள்தான் அனுப்புகிறாள். கையைக்கூட அடையாளம் பிடிப்பார்கள்.'

நான் அந்த விரல்களைப் பார்த்தேன். குட்டையான நகம், சுட்டுவிரலில் ஒரு பழைய தழும்பு. இந்த விரல்கள்கூட வெளியே தெரியக்கூடாது என்கிறார். நானோ அந்தத் தங்கச்சியின் முழுப் பெயரையும், ஊரையும், சந்தைக்குப் பின்னால் என்பதையும் பூப்போட்ட சட்டத்துக்குள் அச்சடித்து அனுப்பியிருக்கிறேன். செத்தவனின் வீடு எது, வெளியே படம் அனுப்புகிறவள் யார் என்று தேடித் திரிகிறவனுக்கு நான் வீட்டு வாசல்வரை வழி எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், அதைச் சொல்லத்தான் வெட்கம். எங்கள் அப்பா செத்தபோது ஊரில் அடித்த அறிவித்தலில் என் சின்னண்ணையின் பெயர் இல்லை. அவரை இராணுவம் தேடிக்கொண்டிருந்த நேரம். பெற்ற மகனின் பெயரை விட்டுவிட்டுத்தான் அடித்தோம். அம்மா அந்தத் தாளைக் கையில் எடுக்கவே மாட்டேன் என்றுவிட்டார். அந்த வீட்டில் பிறந்தவள் நான். அப்படியிருந்தும் முப்பது வருடம் லெ பிளாங்-மெனில் புறநகரில் கதவைச் சாத்திக்கொண்டு பயமில்லாமல் நித்திரை கொண்டதில், மற்றவர்களுக்குப் பயம் இருக்கும் என்பதையே மறந்துபோனேன். அறியாமல் விட்ட பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லாம் அறிந்தவள்தான் நான்.

முதலாளி அண்ணையிடம் போய்ச் சொன்னேன். அவர் முதலில் செய்தது எந்த முதலாளியும் செய்வதைத்தான். கோப்பை எடுத்துக் கையெழுத்தைப் பார்த்தார்.

"பிள்ளை, அவ கையெழுத்துப் போட்டவ."

"ஓம் அண்ணை. அது எங்களைத்தானே காப்பாத்தும். அந்தப் பிள்ளையைக் காப்பாத்துமே?"

அவர் கோப்பை மூடினார். பிறகு ஓடிக்கொண்டிருந்த எந்திரத்தை நிறுத்தினார். அதில் ஒரு சாமத்தியவீட்டுப் பதாகை பாதி வந்துகொண்டிருந்தது. அதற்காகக் காத்திருந்த தகப்பன் கத்தத் தொடங்கினார், மண்டபத்தில் ஆட்கள் வந்துவிட்டார்கள், மானம் போகிறது என்று.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை" என்றார் முதலாளி. "உங்கட மகள் பட்டுச்சேலையோட பத்திரமா மண்டபத்தில இருக்கிறா. இது இன்னொரு வீட்டுப் பிள்ளையின்ரை உயிர்."

தகப்பன் போய்க் கதிரையில் உட்கார்ந்தார். அவரும் நம் நாட்டில் இருந்து வந்தவர்தானே.

மதாமின் தொலைபேசியை விடாமல் அடித்தேன், எடுக்கவில்லை. சனிக்கிழமை அவருக்குக் காலை வேலை, வேலை நேரத்தில் தொலைபேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். கீழ்ப்பகுதியை எடுத்துவிட்டுப் படமும் கோஷமும் மட்டும் வைத்துப் புது நோட்டீஸ் அடித்தோம். விரல்களை வெட்டிப் பதாகையும் அடித்தோம். கடை ஏப்ரனைக் கழற்றவும் நினைவில்லாமல், ஒரு கையில் சுருட்டிய பதாகை, மற்றக் கையில் ஒரு சேலைக் கடைப் பைக்குள் நோட்டீஸ் கட்டு என்று ஓடினேன். ஸ்தாலின்கிராடில் மெத்ரோ மாறுகிறபோது படியில் விழப்பார்த்தேன். ஒன்றரை மணிக்குச் சதுக்கத்தில் நின்றேன்.

ஏற்கெனவே நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். மேளம், கொடி, சட்டி பானை. உயரமான மெசியூ கட்டைப் பிரித்து நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். மதாம் அப்போதுதான் வேலை உடுப்போடு வந்து சேர்ந்தார். அவரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன்.

"மதாம், நான் பெரிய பிழை விட்டிட்டன்."

சுற்றி வளைக்கவில்லை, சாக்குச் சொல்லவில்லை. தாளின் கீழ்ப்பகுதியைக் காட்டினேன். அவர் வாசித்தார். அப்படியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து கூட்டத்தைப் பார்த்தார்.

நான் முட்டாள்தனமாக, "மைக்கில சொல்லுவமே, எல்லாரும் திருப்பித் தாங்கோ எண்டு?" என்று கேட்டேன்.

"வேண்டாம்" என்றார். "அந்தச் சிலைப் பக்கம், வெளிர் நிறக் கோட்டுப் போட்டவன். நேரா பாக்காதேங்கோ. ஒவ்வொரு சனியும் வந்து எங்கட முகங்களைப் படம் எடுத்து அந்த ஜனாதிபதியின்ரை ஆக்களுக்கு அனுப்பிறவன். திருப்பித் தாங்கோ எண்டால், அந்தத் தாளில என்ன இருக்கெண்டுதான் முதல் பாப்பான்."

அந்த மனுசியின் நிதானத்தை நான் என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். தங்கச்சியின் உயிர் நூறு கைகளில் பறந்துகொண்டிருக்கிறது, அவர் அவசரப்பட மறுக்கிறார். ஐந்து பேரைக் கூப்பிட்டு மெல்லப் பேசினார். புதுத் தாளைக் கொடுத்துப் பழையதை வாங்க வேண்டும். கேட்டால் என்ன சொல்வது?

அங்கேதான் என் தொழில் உதவியது. "மை காயேல்லை, உடுப்பில ஒட்டும் எண்டு சொல்லுங்கோ" என்றேன். நம் எந்திரத்தில் மை காயாமல் வர வழியே இல்லை என்று உங்களுக்குத் தெரியும். வெளியாட்களுக்குத் தெரியாது. ஏப்ரன் பையில் கிடந்த கறுப்பு மார்க்கரைத் திறந்து என் விரல்களில் நன்றாகப் பூசிக்கொண்டேன்.

பத்தே நிமிடம். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவர்கூட மறுகேள்வி கேட்கவில்லை. சொந்த நாட்டில் அப்படியான ஆட்சியின் கீழ் வளர்ந்தவர்களுக்கு, தாளைத் திருப்பிக் கேட்டால் ஏன் என்று கேட்கக்கூடாது என்பது தெரிந்திருந்தது. குழந்தையோடு வந்த ஒருத்தி அதன் வாயில் இருந்த தாளையும் பிடுங்கித் தந்தாள். தலையில் பெரிய துணி கட்டிய ஒரு முதிய பெண் மதாமின் முகத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு தாளின் கீழ்ப்பகுதியைக் கிழித்து, வெற்றிலை மெல்லுவது போல வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டு, மேற்பாதியில் இருந்த பையனின் படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். யார் அவருக்குச் சொன்னது? யாரும் சொல்லவில்லை. எத்தனை வருடம் எப்படி வாழ்ந்திருந்தால் அந்தப் பழக்கம் வரும் என்று நினைத்தபோது, எனக்கு அந்தச் சனத்தின் மேல் கும்பிடத்தான் தோன்றியது.

ஆனால் வெளிர் கோட்டுக்காரன் கையிலும் ஒரு தாள் இருந்தது. ஒரு கையில் தொலைபேசியால் படம் எடுத்துக்கொண்டு மற்றக் கையில் அதை மடித்துப் பிடித்திருந்தான். இன்னும் வாசிக்கவில்லை. மதாமின் ஆட்கள் யார் போனாலும் சந்தேகப்படுவான். அந்தச் சதுக்கத்தில் அவனுக்கு முகம் தெரியாத ஒரே ஆள் நான்தான். ஏப்ரன் கட்டிய, சேலைக் கடைப் பையோடு நிற்கிற ஒரு தமிழ் மனுசி.

போனேன். "மெசியூ, மெசியூ! ஐயோ, உங்கட வடிவான கோட்டு!" என்று கத்திக்கொண்டே போய்க் கறுப்பு விரல்களை அவன் மூக்குக்கு முன்னால் நீட்டினேன். "மை காயேல்லை. முதலாளி என்னைக் கொல்லப்போறார். இந்தாங்கோ, இது காய்ஞ்சது."

அவன் தன் கையைப் பார்த்தான், கோட்டைப் பார்த்தான், பதறிக்கொண்டு தாளை என்னிடம் நீட்டினான். புதியதை வாங்கிக்கொண்டு நன்றியும் சொன்னான்! நல்ல கோட்டு வாங்கிக் கொடுத்து அனுப்பியவர்களுக்கு நானும் மனதுக்குள் நன்றி சொன்னேன்.

ஊர்வலம் தொடங்கியதும் நானும் பதாகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பிடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, விட மனம் வரவில்லை. வழியில் ஒரு தேநீர்க்கடை வாசலில் நின்ற பிரெஞ்சு முதியவர் ஒருவர் பதாகையில் இருந்த எழுத்தை வாசித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். அதையும் எழுதிவைக்க வேண்டும்.

திங்கட்கிழமை திரும்பி வந்த தாள்களை எண்ணினேன். அச்சடித்த கணக்குக் கோப்பில் இருந்தது. அந்த முதிய பெண் மென்றதையும் சேர்த்து எண்ணினேன். ஒன்று குறைந்தது. திரும்பத் திரும்ப எண்ணினாலும் ஒன்று குறைந்தது. மதாமிடம் சொன்னேன். அவர் என் கையைத் தொட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு பல மாதங்கள் அந்த ஒரு தாள் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. அந்த நாட்டுச் செய்தி வந்தால், முதலில் கைதானவர்களின் பெயர்களைத்தான் பார்ப்பேன்.

அன்று முதல் நான் மாற்றிக்கொண்ட ஒரு பழக்கம் இருக்கிறது, உங்களிடமும் அதைத்தான் கேட்கிறேன். 'இதை யார் யார் பார்க்க வேண்டும்' என்று வாடிக்கையாளரிடம் கேட்பீர்கள். கூடவே, 'இதை யார் பார்க்கக்கூடாது' என்றும் கேளுங்கள். அழுகிறவர்களிடம் கையெழுத்து வாங்காதீர்கள். ஒரு தேத்தண்ணீர் கொடுத்து, கடைசி வரிவரை வாய்விட்டு வாசித்துக் காட்டி, அதன் பிறகு வாங்குங்கள்.

அந்த ஜனாதிபதி விழ ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. சனம் விடவே இல்லை. சுட்டால் சிதறினார்கள், அடக்கம் செய்தார்கள், மறுநாள் திரும்பவும் சட்டியோடு வந்தார்கள். இங்கே மதாமின் ஆட்களும் ஒரு சனிக்கிழமை தவறவில்லை. கடைசியில் ஒருநாள் ஜனாதிபதி விமானம் ஏறி ஓடினார். அவரோடு கைகுலுக்கியவர்கள் அன்று மாலையே தொலைக்காட்சியில் தோன்றி அந்த மக்களின் துணிவை வாழ்த்தினார்கள். வெட்கம் என்ற சாமானை அவர்களுக்கு எந்தக் கடையிலும் விற்கமாட்டார்கள் போலிருக்கிறது.

அடுத்த வாரம் மதாம் கடைக்கு வந்தார். பொட்டலம் போல மடித்த ஒரு தாளைக் கைப்பையில் இருந்து எடுத்து மேசையில் விரித்தார். பூப்போட்ட சட்டம், பையனின் படம், கீழே எல்லாப் பெயர்களும். குறைந்த அந்த ஒரு தாள்.

"நீங்களோ வைச்சிருந்தனீங்கள்?" என்றேன். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "எத்தினை நாள் நான் நித்திரை இல்லாமல் கிடந்தனான் தெரியுமே?"

"மன்னியுங்கோ. ஆருக்கும் சொல்ல ஏலாது, உங்களுக்கும்தான்" என்றார். "எங்கட குடும்பம் முழுக்க ஒரே தாளில இருந்தது இதில மட்டும்தான். கிழிக்க மனம் வரேல்லை. மெத்தைக்குள்ள தைச்சு வைச்சிருந்தனான்."

பிறகு, "இதை அப்பிடியே அடியுங்கோ. ஒரு பெயரும் விட வேண்டாம். விரல்களையும் வெட்ட வேண்டாம்" என்றார்.

கோது இருந்த அந்தப் படத்தைத் திறந்தேன். குட்டையான நகம், சுட்டுவிரல் தழும்பு. தாளின் பின்பக்கத்தில் வெட்டாமல் முழுக் கையையும் வைத்தேன். கையெழுத்து வாங்குவதற்கு முன் முழுவதையும் வாய்விட்டு வாசித்துக் காட்டினேன். அன்பு மகன். பாசமிகு தம்பி. பாசமிகு அண்ணன். தொடர்புகளுக்கு என்ற இடத்தில் மதாம் என்னை நிறுத்தினார்.

"அதில என்ரை எண்ணை எடுத்துவிடுங்கோ. அதில தன்ரை எண்ணைப் போடச் சொல்லித் தங்கச்சி சொன்னவள்."

அவர் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.